ஒரு பாதை, பல சான்று

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாளே பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடியில் பல வீடுகளில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றும் சேரும். நான்குக்கும் பெரும்பாலோர் போவது இ-சேவை மையத்துக்குத்தான். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு: சாதிச் சான்று ஆர்இவி-101, இருப்பிடச் சான்று 102, வருமானச் சான்று 103, முதல் பட்டதாரி சான்று 104. ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் கட்டணம்.

விண்ணப்பம் நான்கானாலும் அவை போகிற வழி ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் வி.ஏ.ஓ. என்ற கிராம நிர்வாக அலுவலர் பார்க்கிறார். அவர் எழுதிய குறிப்போடு வருவாய் ஆய்வாளருக்குப் போகிறது. அங்கிருந்து வேப்பந்தட்டை வட்டாட்சியர் அலுவலகம். முடிவெடுக்கும் அதிகாரி ஒப்புதல் தந்தால் டிஜிட்டல் கையொப்பம் விழுகிறது. விண்ணப்பித்தவர் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வருமானச் சான்றுக்குச் சம்பளத்தையும் நிலத்தையும் பார்ப்பார்கள். சாதிச் சான்றுக்குப் பெற்றோரின் சான்றைப் பார்ப்பார்கள். பார்க்கும் சங்கதி மாறுகிறது, தாள் நடக்கும் பாதை மாறுவதில்லை.

மென்பொருள் எழுதுகிறவர்கள் முன்னால் அன்றாடம் வந்து நிற்கும் ஒரு கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கேட்ட வசதியைக் கேட்டபடி ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போவதா? அல்லது எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் பொது நடைமுறையை ஒருமுறை நன்றாகக் கட்டி, வருகிற ஒவ்வொரு தேவைக்கும் அதையே பயன்படுத்துவதா? கணினித் துறையில் இந்தப் பொது நடைமுறையை ஒர்க்ஃப்ளோ என்பார்கள். ஒரு வேலை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது, ஒவ்வொரு கையிலும் என்ன செய்யலாம், எப்போது முடிகிறது என்ற ஒழுங்கு அது.

இந்தக் கேள்வியில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு ஒரு தனி இடம் உண்டு. 2006 மே மாதம் மத்திய அரசு தேசிய மின்னாளுமைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் கீழ் வந்த பணிகளில் ஒன்று மின் மாவட்டம். மாவட்ட நிர்வாகத்திடம் மக்கள் அதிகமாகக் கேட்கும் சேவைகளைக் கணினிக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். நாடு முழுவதும் விரிக்கும் முன் சில மாவட்டங்களில் முன்னோட்டமாகச் செய்து பார்த்தார்கள். தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, கோவை, திருவாரூர், நீலகிரி ஆகியவற்றோடு பெரம்பலூரும் அரியலூரும் அந்தப் பட்டியலில் இருந்தன. சென்னை இல்லை. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற, பெரிய நகரம் ஒன்றும் இல்லாத இரண்டு மாவட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வழிகாட்டிய இடங்களாயின.

இப்போது வேறு ஒரு விதமாக யோசித்துப் பாருங்கள். வருமானச் சான்றுக்கு ஒரு மென்பொருள் வேண்டும் என்று முதலில் ஒருவர் கேட்கிறார். நிரலாளர் உட்கார்ந்து எழுதுகிறார். படிவம், வி.ஏ.ஓ.வுக்கு ஒரு திரை, ஆய்வாளருக்கு ஒரு திரை, வட்டாட்சியருக்கு ஒரு திரை, குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி, கட்டணம் வாங்கும் பகுதி, பி.டி.எஃப். அச்சடிக்கும் பகுதி. வேலை முடிந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். ஆறு மாதம் கழித்துச் சாதிச் சான்று கேட்கிறார்கள். பழைய நிரலை அப்படியே நகலெடுத்து, பெயரை மாற்றி, அங்கங்கே தட்டிக் கொட்டிச் சரிசெய்து தருகிறார். பிறகு இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று, சிறு குறு விவசாயி சான்று. ஐந்து நகல் ஆயிற்று. ஒரு நாள் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் தன் முறையை மாற்றுகிறது. ஐந்து இடத்தில் திருத்தவேண்டும். நான்கில் திருத்துகிறார்கள், ஐந்தாவது விட்டுப்போகிறது. வெங்காயக் காட்டுக்குச் சொட்டுநீர் போட மானியம் கேட்டுச் சிறு விவசாயி சான்றுக்கு எழுதிப் போட்டவருக்கு மட்டும் செய்தி வரவில்லை. அவர் மூன்று தடவை பஸ் ஏறி வேப்பந்தட்டை போய் வருகிறார். எந்த நிரலில் எந்த வரி விட்டுப்போனது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். அந்த 25 சதவீத வித்தியாசம் ஒரு சான்றிதழில் தொங்குகிறது. அதனால்தான் இதைத் தொழில்நுட்பக்காரர்களின் உள்வீட்டு விவகாரம் என்று விட்டுவிட முடியாது என்கிறேன்.

பொது நடைமுறையைக் கட்டுவது என்றால் என்ன செய்கிறார்கள்? முதலில் சான்றிதழ்களின் பெயர்களை மறந்துவிடுகிறார்கள். மிஞ்சுவது என்ன என்று பார்க்கிறார்கள். ஒரு விண்ணப்பம். அது நிற்கக்கூடிய நிலைகள்: வந்தது, விசாரணையில் இருக்கிறது, பரிந்துரைக்கப்பட்டது, ஒப்புதலானது, நிராகரிக்கப்பட்டது. ஒவ்வொரு நிலையிலும் அதைத் தொட உரிமை உள்ள பொறுப்பு: வி.ஏ.ஓ., ஆய்வாளர், வட்டாட்சியர். பொறுப்பு என்றுதான் எழுதவேண்டும், ஆள் பெயரை எழுதக்கூடாது; இன்று இருப்பவர் நாளை மாற்றலாகிப் போவார். அந்தப் பொறுப்பில் இருப்பவர் செய்யக்கூடிய செயல்கள்: பரிந்துரை செய், திருப்பி அனுப்பு, நிராகரி. ஒவ்வொரு செயலும் விண்ணப்பத்தை அடுத்து எந்த நிலைக்குக் கொண்டுபோகும். ஒரு நிலையில் எத்தனை நாள் கிடக்கலாம். இவ்வளவுதான். இதை நிரலுக்குள் புதைக்காமல் ஓர் அட்டவணையாக வெளியே வைக்கிறார்கள். அட்டவணையைப் படித்து விண்ணப்பத்தை நடத்திச் செல்லும் இயந்திரத்தை ஒரே ஒருமுறை எழுதுகிறார்கள். கட்டணம் வாங்குவது, செய்தி அனுப்புவது, கையொப்பமிடுவது, ஆவணத்தைப் பத்திரப்படுத்துவது ஆகிய நான்கும் தனித்தனித் துண்டுகள். யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

இது புதிய எண்ணம் ஒன்றுமில்லை. 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மென்பொருள் பொறியியல் மாநாட்டில் டக்ளஸ் மெக்இல்ராய் இதைத்தான் கேட்டார்: மற்ற தொழில்களில் பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து வாங்கிப் பொருத்துகிறார்கள், மென்பொருளில் மட்டும் ஏன் எல்லாவற்றையும் அவரவரே முதலிலிருந்து செய்கிறோம் என்று. இந்தியாவில் நந்தன் நிலேகனியும் ஸ்ரீகாந்த் நாதமுனியும் 2003-ல் பெங்களூரில் தொடங்கிய இ-கவர்ன்மென்ட்ஸ் ஃபவுண்டேஷன், உள்ளாட்சிகளுக்கு அப்படிச் செய்து காட்டியிருக்கிறது. அவர்களுடைய டிஜிட் என்ற திறந்தமூல மென்பொருளில் ஒர்க்ஃப்ளோ தனிச் சேவையாகவே இருக்கிறது. நிலை, செயல், பொறுப்பு, கெடு என்று நான் மேலே சொன்னவற்றை அமைப்புக் கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும். பஞ்சாபில் சொத்து வரி, தொழில் உரிமம், குடிநீர் இணைப்பு, தீயணைப்புத் தடையின்மைச் சான்று எல்லாம் அதே இயந்திரத்தின் மேல் ஓடுகின்றன.

தமிழ்நாட்டு இ-சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. முதன்முறை போகும்போது உங்கள் பெயர், முகவரி, ஆதார் விவரம் எல்லாம் பதிந்து ‘கேன்’ என்ற எண் ஒன்று தருவார்கள். அடுத்த சான்றுக்கு அந்த எண்ணைச் சொன்னால் போதும், விவரம் தானாக வந்துவிடும். நான்கு சான்றுக்கு நான்கு தடவை அப்பா பெயரை எழுத்துப் பிழையோடு தட்டச்சு செய்யவேண்டியதில்லை. விண்ணப்பதாரர் யார் என்பது எல்லாச் சான்றுக்கும் பொதுவானது என்று யாரோ ஒருவர் சரியாகக் கவனித்திருக்கிறார். அதே போலத்தான் விண்ணப்பம் வாங்கும் கவுண்டரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், அரசு கேபிள் டிவி, மகளிர் திட்டத்தின் வறுமை ஒழிப்புச் சங்கம் என்று பல அமைப்புகள் இ-சேவை மையம் நடத்துகின்றன. யார் வாங்கினாலும் விண்ணப்பம் அதே பாதையில் போய்ச் சேர்கிறது. கவுண்டர் கூடியதால் வி.ஏ.ஓ.வின் திரை மாறுவதில்லை.

புதிய தேவை திடீரென முளைக்கும்போதுதான் இந்த அமைப்பின் பலன் தெரியும். 2010-ல் தமிழ்நாடு அரசு, குடும்பத்தில் முதலாவதாகப் பட்டப்படிப்புக்கு வரும் மாணவர்களுக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை கொண்டுவந்தது. அந்தச் சலுகைக்கு முதல் பட்டதாரி சான்று தேவைப்பட்டது. இப்படி ஒன்று வரும்போது, தனித்தனியாகக் கட்டுகிறவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். பாதையைக் கட்டி வைத்தவர் மாற்றவேண்டியது மூன்றே: படிவத்தில் என்ன கேட்பது, என்ன ஆவணம் இணைப்பது, கடைசியில் அச்சாகும் வாசகம் என்ன. கல்லூரிச் சேர்க்கைக்குக் கெடு இருக்கிறது. மென்பொருள் தயாராகவில்லை என்று எந்தக் கலந்தாய்வும் ஒத்திப்போடப்படாது.

இனி, எல்லோரும் சறுக்கும் இடத்துக்கு வருவோம். பாதை ஒன்று என்று சொன்னேன், ஆனால் கடைசிக் கையெழுத்து எல்லோருக்கும் ஒருவருடையதில்லை. சாதிச் சான்றில் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் துணை வட்டாட்சியர் வழங்குகிறார். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் நிலை அதிகாரிதான் வழங்கவேண்டும். பூலாம்பாடியில் நின்று பார்த்தால் பச்சைமலை தெரியும். அந்த மலையிலும் அடிவாரத்திலும் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். ஆகவே அருகருகே வசிக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே நாளில், ஒரே மையத்தில், ஒரே ஆர்இவி-101-க்கு விண்ணப்பித்தாலும் ஒரு தாள் வேப்பந்தட்டையோடு நிற்கும், இன்னொன்று பெரம்பலூர்க் கோட்டாட்சியர் வரை போகும்.

இதை நிரலுக்குள் ‘இந்த வகுப்பு என்றால் இப்படி’ என்று வரிக்கு வரி எழுதி வைப்பது சுலபம். பிறகு அது கழுத்தைப் பிடிக்கும். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு மாவட்டப் பெயர்களும் சேர்ந்தே வருகின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. பெரம்பலூர் அதில் இல்லை. 1995 வரை பெரம்பலூர் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்ததுதான் காரணம். திருச்சி என்று எழுதினால் இந்த மலையடிவாரமும் அடங்கும். வரலாறு தெரியாமல் மாவட்டப் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல், பெரம்பலூர்ப் பிள்ளையைத் தகுதியில்லை என்று தள்ளிவிடும். அரியலூரைப் பாருங்கள். 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது, 2002-ல் மறுபடி சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். மாவட்டம் என்பது மாறாத ஒன்று என்று நம்பி எழுதிய எந்த மென்பொருளும் இந்த மண்ணில் ஆறு வருடம் தாங்கியிருக்காது.

ஆக, மறுபடி மறுபடி பயன்படவேண்டும் என்றால் மாறுவதையும் மாறாததையும் பிரிக்கத் தெரியவேண்டும். விசாரணை, பரிந்துரை, ஒப்புதல் என்ற ஒழுங்கு தாலுகா ஆபீஸ்களில் காகிதக் காலத்திலிருந்தே இருக்கிறது. அது எளிதில் மாறாது. யார் கையெழுத்து, எந்த வட்டம், எத்தனை நாள் கெடு, எவ்வளவு கட்டணம், சான்று எவ்வளவு காலம் செல்லும் என்பதெல்லாம் ஓர் அரசாணையில் மாறும். அவற்றை, நிரலாளரைக் கூப்பிடாமலே ஓர் அலுவலர் திருத்தக்கூடிய அட்டவணையில் வைக்கவேண்டும். வருமானச் சான்றுக்குக் காலாவதி உண்டு, சாதிச் சான்றுக்கு இல்லை. ஓர் அட்டவணையில் ஒரு கட்டம் நிரம்பியிருக்கிறது, ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவே.

அட்டவணையைத் திருத்தும்போது ஒன்றை மறக்கக்கூடாது. விதி மாறும் நாளில் ஆயிரம் விண்ணப்பங்கள் பாதி வழியில் இருக்கும். பழைய விதியில் புறப்பட்ட விண்ணப்பம் பழைய விதியிலேயே முடியவேண்டும், புதிதாக வருவது புதிய விதியில் போகவேண்டும். அதற்கு ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு பதிப்பு எண் வேண்டும், ஒவ்வொரு விண்ணப்பத்தின் முதுகிலும் அது எந்தப் பதிப்பில் புறப்பட்டது என்று எழுதியிருக்கவேண்டும். இதைச் செய்யாத இடங்களில்தான் விண்ணப்பம் யாருடைய திரையிலும் தெரியாமல் காணாமற்போகிறது.

பொது நடைமுறை எல்லா இடத்துக்கும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு விலை அதிகம். ஃப்ரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய ‘தி மிதிக்கல் மேன்-மந்த்’ நூலில் ஒரு கணக்குச் சொல்கிறார்: எழுதியவர் மட்டும் ஓட்டும் நிரலுக்கு ஆகும் செலவைப் போல் குறைந்தது மூன்று மடங்கு ஆகும், அதையே யாரும் எங்கும் பயன்படுத்தும்படி பொதுவாக்கி, சோதித்து, விளக்கம் எழுதித் தருவதற்கு. ஒரே ஒரு முறை நடக்கும் வேலைக்கு மூன்று மடங்கு செலவழிப்பது வீண். பூலாம்பாடிப் பேரூராட்சியில் ஒரு நாள் நடக்கும் முகாமுக்குப் பெயர் பதியவேண்டும் என்றால் ஓர் எக்செல் தாள் போதும். அதற்குப் போய் ஒர்க்ஃப்ளோ இயந்திரம் கட்டுகிறவரை நம்பி அடுத்த வேலையைக் கொடுக்கக்கூடாது.

எப்போது பொதுவாக்குவது? மார்ட்டின் ஃபௌலர் 1999-ல் வெளியிட்ட ‘ரீஃபேக்டரிங்’ நூலில் டான் ராபர்ட்ஸ் சொன்னதாக ஒரு விதி வருகிறது. முதல் தடவை செய்துவிடு. இரண்டாம் தடவை அதே வேலை வந்தால் முகம் சுளித்துக்கொண்டாவது செய்துவிடு. மூன்றாம் தடவை வந்தால் நின்று, பொதுவாக்கு. அனுபவத்தில் இது சரியாகவே இருக்கிறது. ஒரு சான்றை மட்டும் பார்த்துப் பாதையைக் கணித்தால் தப்பாகக் கணிப்போம். வருமானச் சான்றை மட்டும் வைத்துக் கட்டியவருக்குக் கோட்டாட்சியர் வரை போகும் வழி தோன்றியே இருக்காது. மூன்று சான்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எது பொது, எது தனி என்று கண்ணுக்குப் படும்.

இன்னொரு விலையும் இருக்கிறது. பொது நடைமுறையில் உள்ள பிழை பொதுப் பிழையாகிவிடும். உதாரணமாக, ஒரு ஆவணம் குறைகிறது. அதிகாரிக்கு ‘நிராகரி’ என்ற பொத்தான் மட்டும் இருந்தால் அவர் நிராகரிக்கத்தான் செய்வார். விண்ணப்பதாரர் மறுபடி மையத்துக்கு வந்து, மறுபடி பணம் கட்டி, வரிசையின் கடைசியில் நிற்பார். ‘குறையைச் சொல்லித் திருப்பி அனுப்பு’ என்று இன்னொரு பொத்தானும், காரணம் எழுதாமல் அழுத்த முடியாத ஒரு கட்டமும் இருந்தால் அதே மனிதர் அந்த ஒரு தாளை மட்டும் சேர்த்துவிட்டுப் போவார். தனி மென்பொருளில் இந்தக் குறை ஒரு சான்றைப் பாதிக்கும். பொது மென்பொருளில் எல்லாச் சான்றையும் பாதிக்கும். சரிசெய்தாலும் எல்லாம் ஒரே நாளில் சரியாகும். சர்வர் நின்றுபோனாலும் அப்படித்தான், ஒரே நேரத்தில் எல்லாம் நிற்கும். ஆகவே இயந்திரத்தைக் கட்டுகிற குழுவில் மிகத் திறமையானவர்கள் இருக்கவேண்டும், ஒவ்வொரு மாற்றத்தையும் எல்லாச் சான்றுகளிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியிடவேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

இவ்வளவு விலை கொடுத்தும் நான் பாதையைக் கட்டுகிறவர்கள் பக்கம் நிற்பதற்குக் காரணம் உண்டு. தனித்தனி வசதிகள் கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேரும். பெரிய மாநகராட்சியிடம் பணம் இருக்கிறது, ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கென்று தனியாக ஒரு செயலி செய்து தருவார்கள். பூலாம்பாடிக்கென்று யாரும் தனியாக ஒன்று செய்யப்போவதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தின் மற்ற மூன்று பேரூராட்சிகளான குரும்பலூர், அரும்பாவூர், லப்பைக்குடிகாடு ஆகியவற்றுக்கும் அப்படியே. ஆனால் பொது நடைமுறையில் ஒரு மேம்பாடு வந்தால் அது சென்னை அண்ணாநகருக்கு வரும் அதே காலையில் பூலாம்பாடிக்கும் வருகிறது. கேட்கத் தெரியாதவருக்கும் கிடைக்கிறது. சின்ன ஊருக்கு நியாயம் செய்ய இதைவிட மலிவான வழி மென்பொருளில் கிடையாது.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு இன்னொரு நூலக மென்பொருளோ, இன்னொரு உணவு ஆர்டர் செயலியோ செய்யாதீர்கள். உங்கள் ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போய், அங்கே வரும் மூன்று வகை விண்ணப்பங்களைக் கேட்டு வாங்குங்கள். குடிநீர் இணைப்பு, சொத்து வரிப் பெயர் மாற்றம், பயிர்க்கடன் எதுவாகவும் இருக்கட்டும். ஒவ்வொன்றும் யார் யார் மேசையில் நிற்கிறது, எங்கே திரும்பி வருகிறது, எத்தனை நாள் கிடக்கிறது என்று அங்கே வேலை பார்க்கிறவர்களிடமே விசாரித்துத் தாளில் எழுதுங்கள். மூன்றிலும் பொதுவாக வருவதைக் கட்டுங்கள். பிறகு நான்காவது விண்ணப்பம் ஒன்றை எடுத்து, ஒரு வரி நிரல்கூட மாற்றாமல், அட்டவணையை மட்டும் நிரப்பி அதை ஓடவிட முடிகிறதா என்று சோதியுங்கள். ஓடவில்லை என்றால் எங்கே முட்டுகிறது என்று அந்த அலுவலகத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் கட்டியதில் திருத்தவேண்டிய இடம் அதுதான்.